சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கு ஒரு பதில்

கேள்வி இது: "எனக்கு வயது 35. கொத்தனார். எட்டு மாதத்துக்கு முன்னால் சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தேன். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. காண்ட்ராக்டர் 40,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போனார், அப்புறம் போனை எடுப்பதில்லை. மனைவி மில் வேலைக்குப் போகிறாள். பட்டினி இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மானத்தோடு வாழ வழி உண்டா?"

தம்பி, நானும் விழுந்தவன்தான். 2010இல் லோடு ஆட்டோ கவிழ்ந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் டி-10, அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது எலும்பு, என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து வீல் சேர். எங்கள் மாவட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மனு எழுதித் தருவது, அவர்களோடு ஆபீஸ் ஏறி இறங்குவது என்று பல வருடமாக இருக்கிறேன். மனதைத் தளர விடாதே, தைரியமாக இரு என்றெல்லாம் உங்களுக்கு இதற்குள் நூறு பேர் சொல்லியிருப்பார்கள். நான் மூத்திரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நம் ஆட்களுக்கு மானம் முதலில் போவது அங்கேதான். விழுந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அக்கா மகள் சடங்குக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது யூரின் பை குழாயிலிருந்து கழன்றுவிட்டது. உணர்வு இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. சாம்பார் வாளியோடு வந்த பையன் என் காலடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டேன், குடித்தால்தானே வரும் என்று. அதன் பலன் குளிர்காய்ச்சல், சிறுநீரில் சீழ், பத்து நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பத்து நாள் செலவுக்கு அம்மாவின் தோடு போனது.

இதற்கு வழி இருக்கிறது. டியூபை நிரந்தரமாகப் போட்டு வைக்காமல், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாமே மெல்லிய டியூபை விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு டியூபை வெளியே எடுத்துவிடுவது. டாக்டர்கள் சி.ஐ.சி என்பார்கள். உங்களுக்குக் கை இரண்டும் நன்றாக இருக்கிறது, பார்த்துச் செய்யக் கைக்கண்ணாடிகூட வேண்டாம், இரண்டு வாரத்தில் பழகிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு தடவை எடுப்பது 400, 500 மில்லிக்கு மேல் போனால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்காமல் விடவே கூடாது, சாயங்காலத்துக்கு மேல் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் இந்த முறை ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. சிறுநீரக டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, தெரிந்த நர்ஸ் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள்.

மலத்துக்கும் நேரம் வைக்கலாம். வயிற்றில் சூடாக ஏதாவது விழுந்து அரைமணி நேரத்தில் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைத் தினமும் பிடித்துக்கொண்டால் மூன்று நான்கு வாரத்தில் அது உங்கள் சொல் கேட்கும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே ஓட்டை போட்டு, விளிம்பில் ரெக்சின் மெத்தை சுற்றிக்கொண்டால் கமோடு ஆயிற்று. விளிம்பு கூர்மையாக இருந்தால் தொடையைக் கிழிக்கும், உங்களுக்குத் தெரியாது.

தோல் விஷயம், அதாவது படுக்கைப்புண்தான் உயிரையே வாங்கும். உட்கார்ந்திருக்கும்போது பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரளுங்கள். ராத்திரி படுக்கும் முன் கைக்கண்ணாடியை வைத்துப் பின்பக்கத்தையும் குதிகாலையும் நீங்களே பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால், அது ஆறும்வரை அந்தப் பக்கம் பாரம் போடக் கூடாது. மெடிக்கல் கடையில் காற்றடித்த வளையம் ஒன்றைத் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். சூடான காபி டம்ளரை மடியில் வைக்கவே வைக்காதீர்கள். என் தொடையில் டம்ளர் அடியின் வட்டம் இன்னும் தழும்பாக இருக்கிறது.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், கீழே வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. ஐந்து மணி நேரம் நனையாமல் வெளியே இருக்க முடிகிற அன்றைக்குத்தான் கலெக்டர் ஆபீஸுக்கும் போக முடியும், பந்தியிலும் உட்கார முடியும். இதையெல்லாம் தங்கிக் கற்றுக்கொள்ள வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் இருக்கிறது, தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. இரண்டுக்கும் நம் கதைதான் பின்னணி. வேலூரில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தார். வீல் சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கியதில் அவர்தான் முக்கியமானவர். ஆய்க்குடி ராமகிருஷ்ணன் 1975இல், இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரி தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் சொந்த ஊரில் சங்கத்தை ஆரம்பித்தார்.

ஆனால் ஒன்று. இவர்கள் கதையை வைத்து யாராவது "அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்று கேட்டால் காதில் வாங்காதீர்கள். மேரி வர்கீஸைச் சுற்றி ஓர் ஆஸ்பத்திரியே இருந்தது. ராமகிருஷ்ணனுக்குத் தாங்கிப் பிடிக்க ஒரு குடும்பமும் ஊரும் இருந்தன. உங்களுக்கு இருப்பது மில்லுக்குப் போகும் மனைவியும் ஒரு பத்துக்குப் பன்னிரண்டு அறையும். சாதித்துக் காட்டினால்தான் மரியாதை என்று யாரும் சட்டம் போடவில்லை.

அடுத்தது வாசல். ஆறு அங்குல உயரத்துக்கு ஆறு அடி நீளச் சரிவு வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு. கொத்தனாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பிரச்சினை சரிவில் வரவில்லை, நிலைப்படியில் வந்தது. மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படியை இடிக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். நான் கத்தினேன், அவள் அழுதாள். கடைசியில் எதிர்வீட்டு ஆசாரி வந்து, படியைத் தொடாமல் உள்ளே ஒரு பலகை, வெளியே ஒரு பலகை என்று இரண்டு பக்கமும் சரித்து வைத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பலகையை நகர்த்திவிட்டு அம்மா மஞ்சள் பூசுவாள், திரும்ப வைத்துவிடுவாள். அந்தப் பலகை வந்த பிறகுதான், யாரையும் கூப்பிடாமல் தெருவுக்கு வந்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்க்க முடிந்தது. இலவசமாகக் கிடைக்கும் வீல் சேர் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வகை, அகலம் அதிகம். வாங்கும் முன் உங்கள் வாசலை அளந்துவிடுங்கள்.

இப்போது பணம். தண்டுவடம் பாதித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. தாசில்தார் ஆபீஸ் வழியாக வரும் ஊனமுற்றோர் பென்ஷன் வேறு. மக்கள் அதையும் முதியோர் பென்ஷனோடு சேர்த்து ஓ.ஏ.பி என்பார்கள். அது 2023 ஜனவரியில் 1,000லிருந்து 1,500 ஆனது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், ஆகவே முதலாவதற்கு மனு போடுங்கள். முதலில் வேண்டியது அரசு ஆஸ்பத்திரி தரும் ஊனச் சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி அட்டையும். அதோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பேட்டரி வீல் சேருக்கும் எழுதிக் கொடுங்கள். ரேஷனில் மாதம் 35 கிலோ அரிசி கிடைக்கும் அந்தியோதயா அட்டைக்கு மாற்றச் சொல்லித் தாலுகா வழங்கல் ஆபீஸில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்ததிலிருந்து பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

தொகை சின்னதுதான். ஆனால் அது யார் கைக்கு வருகிறது என்று பாருங்கள். எனக்குப் பென்ஷன் வந்த புதிதில், பணம் பட்டுவாடா செய்கிறவர் மெஷினோடு வீட்டுக்கு வருவார். என் விரலைப் பிடித்து அவரே மெஷினில் வைப்பார். பிறகு நோட்டை எண்ணி, கட்டிலைத் தாண்டி, வாசலில் நின்ற அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போவார். ரேகை என்னுடையது, பணம் அண்ணன் கையில். அண்ணன் ஒரு பைசா எடுத்ததில்லை, என் மருந்துக்குத்தான் செலவழித்தான். இருந்தாலும் ஒரு பீடிக்கட்டு வேண்டும் என்றால் அவனைக் கேட்க வேண்டும். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் கையை நீட்டி, "எங்கிட்டக் குடுங்க, எண்ணிப் பாக்கணும்" என்றேன். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. நான் எண்ணி, அதிலிருந்து 500 ரூபாயைக் கரண்டு பில்லுக்கென்று அவனிடம் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி அண்ணி வந்து, மளிகைச் சாமானில் என்ன வாங்கலாம் என்று என்னைக் கேட்டாள். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

உங்கள் பெயரில் தனி பாஸ்புக், ஏ.டி.எம் அட்டை உங்கள் தலையணைக்கு அடியில். மனைவியைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. அவள் சம்பளத்தோடு உங்கள் 2,000ஐ நீங்கள் எடுத்து வைக்கும்போது அவளுக்கும் பாரம் குறையும். அவளைப் பற்றி இன்னொன்று. மில்லுக்கும் போய்விட்டு உங்களைக் குளிப்பாட்டி, துடைத்து, துணி மாற்றுகிறவள் ஒரு வருடத்தில் நர்ஸாகிவிடுவாள், பெண்டாட்டியாக இருக்க நேரம் இருக்காது. சிறுநீரும் மலமும் உங்கள் கைக்கு வந்தால் அவளுக்கு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பேசக் கிடைக்கும். படுக்கை விஷயத்தையும் மறுவாழ்வு மைய டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நீங்கள் கேட்காமல் அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

கடனைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, வைத்தியத்துக்காக வாங்கியிருப்பீர்கள் என்று நானே ஊகிக்கிறேன். இன்னார் கை வைத்தார், ஒருவருக்குக் கால் வந்தது, இந்த எண்ணெய்க்கட்டு, அந்த ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். உணர்வு திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் அதன் அறிகுறி தெரியும். தண்டுவடத்தை இணைப்பதாகச் சொல்லும் எந்த ஊசியும் இன்றைக்கு நிரூபிக்கப்பட்ட மருத்துவம் இல்லை. எனக்குத் தெரிந்து இரண்டு குடும்பம் இதற்காகக் காட்டை விற்றது.

வெளியே வந்தால் ஆட்கள் எப்படி நடத்துவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது ஓர் அம்மா என் மடியில் பத்து ரூபாய் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனார். முதல் தடவை நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்தடுத்த தடவை கோபப்பட்டுத் திருப்பி நீட்டினேன், அவர்களுக்கு அவமானமாகப் போனது. இப்போது, "காசு வேண்டாம்மா, பஸ்ஸில் ஏற்றிவிட ரெண்டு பேரைக் கூப்பிடுங்க" என்பேன். உடனே கூட்டிக்கொண்டு வருவார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் நமக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை, உண்மை. ஆனால் படி முட்டளவு உயரம். சென்னையில் 2024இல் தாழ்தளப் பேருந்து வந்தது, நம்ம ஊருக்கு எப்போது என்று பார்ப்போம். மடியில் விழுந்த காசைத் தேவைக்கு எடுத்துக்கொள்கிறவரை நான் குறைவாக நினைப்பதில்லை. பசித்தவன் வாங்குவதில் என்ன இருக்கிறது?

எனக்குப் பிடிக்காதது வேறு. உதவி கொடுக்கிற மேடையில் உங்களைத் தரையில் உட்கார வைத்து, பின்னால் பத்துப் பேர் நின்று போட்டோ எடுப்பார்கள். "சேரில் உட்கார்ந்துதான் வாங்குவேன்" என்று சொல்லிவிடுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், நாற்காலி வரும். ஆபீஸிலும் அப்படித்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். "பார்க்கலாம் போ" என்றால், "எந்தத் தேதிக்கு வரட்டும் சார்?" என்று கேளுங்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம், குழையவும் வேண்டாம். நொண்டி, முடம் என்று நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை இருக்கிறது. நான் அந்தப் பிரிவில் ஒரு புகார்கூடக் கொடுத்ததில்லை, ஆனால் பிரிவு எண்ணைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு வருகிறேன். எல்லோரும் பெட்டிக்கடை வை என்பார்கள். ஏற்கெனவே நாலு கடை இருக்கும் தெருவில் ஐந்தாவதாக வைத்தால், எழுந்து போய் வசூல் செய்ய முடியாதவன் கடையில்தான் எல்லோரும் கடன் சொல்வார்கள். சரக்கு போய்விடும், நோட்டுப்புத்தகம் மிஞ்சும். உங்கள் கால் போயிருக்கிறது, கொத்தனார் புத்தி போகவில்லை. எங்கள் மாவட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களின் சங்கத்தில் உங்களைப் போலவே சாரத்திலிருந்து விழுந்த ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கு எத்தனை லோடு எம்.சாண்ட், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை ஆயிரம் செங்கல் என்று கணக்குப் போட்டுத் தருகிறார். கட்டுகிறவர்கள் போனில் படம் அனுப்புவார்கள். பூச்சு எங்கே வளைந்திருக்கிறது, கம்பி எங்கே குறைகிறது என்று இங்கிருந்தே சொல்வார். ஒரு வீட்டுக்கு 2,000, 3,000 ரூபாய். மாதம் ஒன்று வந்தாலே பென்ஷனுக்குச் சமம். முக்கியமாக, அவரை இப்போதும் ஊரில் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நஷ்டஈட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று நீங்கள் விட்டுவிட்டது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. வேலை செய்யும்போது அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இருக்கிற உரிமை. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் எந்தத் தாளும் அந்தச் சட்டப்படி செல்லாது. காண்ட்ராக்டரிடம் இருப்பது வெறும் தாள். சம்பாதிக்கும் திறன் முழுதும் போய்விட்டது என்றால் கணக்கு இப்படி வரும்: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06. 2020இல் அறிவித்தபடி சம்பளத்துக்கு 15,000 உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 9,000. பெருக்கினால் 17,73,540 ரூபாய். 40,000க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

உடனே இவ்வளவு கையில் வந்துவிடாது. உங்களை வேலைக்கு வைத்தது யார், தினக்கூலி எவ்வளவு, வேலை நேரத்தில்தான் விழுந்தீர்களா, எல்லாவற்றையும் அவர் மறுப்பார். அதனால் கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர், ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவு, காண்ட்ராக்டர் சம்பளம் போட்ட ஜி-பே ஸ்கிரீன்ஷாட் ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். சதவீதச் சான்றிதழும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. 80 சதவீத ஊனம் என்று எழுதியிருந்தாலும், கொத்தனாருக்குத் திறன் இழப்பு நூறு என்று டாக்டர் தனியாகச் சொல்ல முடியும். மனு போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையில் நஷ்டஈடு விசாரிக்கும் அதிகாரி. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை உங்களிடம் இருந்தால் அங்கேயும் விபத்து உதவிக்குத் தனி மனு போடலாம், ஒன்று வாங்கினால் மற்றது போகாது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும்.

விபத்து நடந்து இரண்டு வருடம் முடிவதற்குள் மனு உள்ளே போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் ஓடிவிட்டது. நாளைக்கே ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து, சேர்த்த தேதி இருக்கிற பக்கத்தை மூன்று ஜெராக்ஸ் போடச் சொல்லுங்கள். அந்த ஃபைலை மனைவியின் பீரோவில் வைக்காமல் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.